கையிருப்பில் காசி

சத்துணவு அமைப்பாளர் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எதைப் பார்த்தாலும் தலைக்கு எவ்வளவு என்று மனசு கணக்குப் போடும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு நாளுக்கு 100 கிராம் அரிசி. அன்றைக்கு எத்தனை பிள்ளை வந்திருக்கிறது என்று காலையிலேயே எண்ணி, அதற்கேற்ப உலையில் அரிசி போட வேண்டும். குறைந்தால் கடைசி வரிசைப் பிள்ளை காலித் தட்டோடு நிற்கும். கூடினால் சோறு வீணாகும். மதுரைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் அந்தக் கணக்கை எழுதியே எனக்குத் தலை நரைத்தது.

சம்பளம் சின்னது. ஓய்வுக்குப் பிறகு வருகிற தொகை அதைவிடச் சின்னது. வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். அவருக்கு ஓய்வூதியம் என்று எதுவும் இல்லை. இந்த வருமானத்தில்தான் நாங்கள் காசி, சாரநாத், அமிர்தசரஸ் எல்லாம் பார்த்தோம். கடன் வாங்கவில்லை, பிள்ளைகளிடமும் கை நீட்டவில்லை.

“எப்படிம்மா முடியுது?” என்று தெருவில் பெண்கள் கேட்பார்கள். நான் சொல்வது இதுதான். நம் கையை விட்டுப் போகிற பணத்தில் பெரிய பங்கு அவசரத்துக்குக் கொடுக்கிற விலை. கடைசி நேர டிக்கெட், பசி வந்த பிறகு தேடுகிற சாப்பாடு, இருட்டிய பிறகு தேடுகிற ரூம் எல்லாவற்றுக்கும் இரட்டை விலை. முன்கூட்டி யோசிக்கிறவருக்கு அந்தப் பணம் மிச்சம். அது மிச்சமானால், ரிக்‌ஷாக்காரரிடமும் கூலிக்காரரிடமும் பத்து ரூபாய்க்குப் பேரம் பேச வேண்டிய நிலை நமக்கு வராது. நான் கடைப்பிடிக்கிற சிக்கனம் இவ்வளவுதான். இதை எப்படிச் செய்வது என்று வீட்டிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

வீட்டிலேயே கிடைக்கிற ரயில் காசு

பயணத்துக்கென்று தனியாகப் பணம் எங்கிருந்தும் வராது. வீட்டுச் செலவில் ஒழுகுகிற இடங்களை அடைத்தால் அங்கிருந்துதான் வரும்.

முதலில் காய்கறி. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி தொடங்கியது. விளைவித்தவரே விற்கிறார், அன்றைய விலை பலகையில் எழுதிப் போட்டிருக்கும். நான் அங்கே பட்டியல் எழுதிக்கொண்டு போவதில்லை. பலகையைப் பார்த்துவிட்டு, அன்று எது விலை இறங்கியிருக்கிறதோ அதை வாங்குவேன். இன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்புதான் என்று முடிவு கட்டிக்கொண்டு போனால் கத்தரிக்காய் என்ன விலை விற்றாலும் வாங்கத்தான் வேண்டியிருக்கும். தக்காளி மலிந்த வாரத்தில் கூடுதலாக வாங்கித் தொக்காக்கி வைத்துவிடுவேன். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கும்போது அதை விட்டுவிட்டுப் பாக்கெட் வாங்க எனக்கு மனசு வராது.

அடுத்தது கரன்ட். நம் ஊரில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட் கோடு பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. அந்தக் கோட்டுக்குள் இருக்கிறவரை 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு மிகக் குறைந்த விலைதான். 501 ஆகிவிட்டால் அந்த நூறு யூனிட்டுக்கும் சேர்த்து மேல் விலை போட்டுவிடுவார்கள். அதாவது, கடைசியாக ஓடிய ஒரே ஒரு யூனிட் பழைய நூறு யூனிட்டின் விலையையும் ஏற்றிவிடும். அதனால் கணக்கெடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து, மாதம் ஒரு முறை மீட்டரைப் பார்க்கிறேன். முதல் மாதத்திலேயே 250-ஐத் தாண்டினால் அடுத்த மாதம் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுவேன். பழைய ஃபேன் ஒன்று ஓட 70, 75 வாட் இழுக்கும். புதிதாக வருகிற பி.எல்.டி.சி. ஃபேனுக்கு அதில் பாதிகூட வேண்டாம். இரவெல்லாம் ஓடுகிற படுக்கையறை ஃபேனை மட்டும் முதலில் மாற்றினாலே போதும். எப்போதாவது சுற்றுகிற ஃபேனை மாற்றுவதில் பெரிய லாபம் இல்லை.

காஸுக்குச் சத்துணவுக் கூடம் சொல்லிக்கொடுத்த பாடம் உண்டு. கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். பருப்பை அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். கொதி வந்ததும் தீயைக் குறைக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது. தீயைக் கூட்டினால் ஆவிதான் அதிகம் போகும்.

பஸ்ஸுக்கு வருகிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தக் காசு எங்கே போனது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மிச்சமான காசைத் தனியாக எடுத்து வைக்காவிட்டால் அது வேறு செலவில் கரைந்துவிடும். உழவர் சந்தைக்குப் போய் வந்தால், டிக்கெட் எடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்குமோ அந்தச் சில்லறையை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிடுவேன். மாதக் கடைசியில் அதை எண்ணி, அதோடு கொஞ்சம் சேர்த்துத் தபால் ஆபீசில் ஆர்.டி. கட்டுவேன். மாதம் 100 ரூபாயிலிருந்தே ஆர்.டி. தொடங்கலாம், ஐந்து வருடக் கணக்கு. மாதம் 500 ரூபாய் கட்டினால் நாம் போட்ட பணமே 30,000 ஆகிறது. வட்டி தனி. இருவர் காசிக்குப் போய் வர அது தாராளம்.

அறுபது நாளுக்கு முன்னால்

ரயில் டிக்கெட்டை இப்போது 60 நாளுக்கு முன்பிருந்து எடுக்கலாம். முன்பு 120 நாளாக இருந்ததை 2024 நவம்பர் 1 முதல் குறைத்துவிட்டார்கள். எங்கே போவது என்று முடிவானதும் நான் செய்கிற முதல் வேலை, போகும் தேதியிலிருந்து அறுபது நாள் பின்னால் எண்ணி அதைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுவது. அந்தக் காலையில் மகன் செல்போனில் எடுத்துக் கொடுப்பான். இல்லாவிட்டால் நானே கவுன்ட்டரில் போய் நிற்பேன்.

இதைத் தவறவிட்டவர்கள் தட்கலுக்கு ஓடுகிறார்கள். ரயில் புறப்படுவதற்கு முந்தின நாள் ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கிறது. அதற்குக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணமும் திரும்பாது. சாவு, ஆஸ்பத்திரி என்று ஓடுகிறவர்களுக்கு வைத்த வழி அது. காசி யாத்திரைக்கு அதை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

இடம் கிடைக்காமல் ஆர்.ஏ.சி. என்று வந்தால் பலர் பயந்து ரத்து செய்துவிடுகிறார்கள். ஆர்.ஏ.சி. இருந்தால் ரயிலில் ஏறலாம், உட்கார இடம் உண்டு. பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் இருவர் உட்கார வேண்டியிருக்கும். யாராவது ரத்து செய்தால் முழுப் படுக்கையும் கிடைக்கும். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங் லிஸ்டிலேயே இருந்தால் அது தானாக ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

45 வயது நிறைந்த பெண்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அது திரும்ப வர வேண்டும் என்பது என் வயதுக்காரர்கள் எல்லோருடைய ஆசை. ஆனால் கீழ்ப் படுக்கை ஒதுக்கீட்டை எடுக்கவில்லை. டிக்கெட் எடுக்கும்போது வயதைச் சரியாகக் குறிப்பிட்டால் போதும், தனியாகக் காசு இல்லை.

இன்னொரு விஷயம். ரயில் கட்டணத்தில் தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான விலை குறைந்துகொண்டே போகும். மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து காசிக்கு ஒரு டிக்கெட் என்று எடுத்தால், ஒரே டிக்கெட்டாக எடுப்பதைவிடக் கூடுதலாகும். கன்னியாகுமரியில் புறப்பட்டு மதுரை வழியாகக் காசியின் பனாரஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வாராந்திர ரயில் 2023 டிசம்பரில் வந்தது முதல் எங்களுக்கு அந்த வசதி கிடைத்தது. ஸ்லீப்பரில் ஒருவருக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். மூன்றடுக்கு ஏ.சி.யில் அதைப் போல இரண்டரை மடங்குக்குக் குறையாது. கோடையைத் தவிர்த்து வேறு மாதங்களில் போனால் ஸ்லீப்பரில் ஜன்னல் காற்றே போதும்.

பல ஊர்களைச் சுற்றி வர நினைப்பவர்கள் சுற்றுப் பயண டிக்கெட் பற்றிக் கேட்டுப் பாருங்கள். புறப்பட்ட ஊருக்கே திரும்பி வருகிற மாதிரி, போன வழியிலேயே திரும்பாமல், வட்டமாகப் போக வேண்டும். வழியில் அதிகபட்சம் எட்டு ஊர்களில் இறங்கித் தங்கலாம். மொத்தத் தூரத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு நீண்ட பயணங்களுக்கு உரிய கட்டணம்தான் போடுவார்கள். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக எடுப்பதோடு ஒப்பிட்டால் நல்ல மிச்சம். இது செல்போனில் கிடைக்காது. எந்தெந்த ஊர், எந்த வழி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு பெரிய ஸ்டேஷன் முன்பதிவு மையத்துக்கோ கோட்ட வணிக அலுவலகத்துக்கோ போய்க் கேட்க வேண்டும். டிக்கெட் கைக்கு வந்த பிறகு ஒவ்வொரு ரயிலிலும் இடத்துக்குத் தனியாக முன்பதிவு செய்துகொள்ள வேண்டும்.

எந்த மாதம் போகிறோம் என்பதிலும் காசு இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் கங்கைச் சமவெளி முழுக்க மூடுபனி. ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். தாமதம் என்றால் ஸ்டேஷனில் ஒரு வேளைச் சாப்பாடு, சமயத்தில் ஒரு ராத்திரி ரூம். மழைக்காலத்தில் கங்கை ஏறிப் படித்துறைகள் மூழ்கும், படகும் ஓடாது. தேவ தீபாவளித் திருவிழா சமயத்தில் ரூம் விலையைக் கேட்கவே முடியாது. பிப்ரவரிக் கடைசியும் மார்ச்சும் சௌகரியம். அதிலும் சிவராத்திரியை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கட்டுச்சோறு

இரண்டு நாளைத் தாண்டுகிற ரயில் பயணத்தில், வேளா வேளைக்கு வெளியில் வாங்கினால் டிக்கெட் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். வயிறு கெட்டால் மருந்துச் செலவு வேறு. அதனால் கட்டுச்சோறுதான்.

எது எப்போது கெடும் என்பதை வைத்து வரிசை போட வேண்டும். முதல் வேளைக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. மறுநாளுக்குப் புளியோதரை. அதற்கடுத்த நாளுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். அதற்கு மேல் அவல், பொரிகடலை, வெல்லம், சத்துமாவு. வழியில் டீயும் வாழைப்பழமும் சத்துமாவு கரைக்கச் சூடான பாலும் மட்டும் வாங்கினால் போதும்.

புளியோதரை கெடாமல் இருக்கச் சோறு பதம் முக்கியம். சோற்றை ஒரு கொதி முன்னதாகவே வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரத்தி, நல்லெண்ணெய் விட்டு, விரல் வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் புளிக்காய்ச்சல் கலக்க வேண்டும். சூட்டோடு கலந்து மூடினால் உள்ளே ஆவி வேர்த்து நீர் விடும், மறுநாள் காலையில் நசநசவென்று வாடை வந்துவிடும். தேங்காய், வெங்காயம் இரண்டும் கூடாது. புளிக்காய்ச்சலைச் சுண்ட விட்டு, எண்ணெய் மேலே மிதந்து கரண்டியில் ஒட்டாமல் வருகிற பதத்தில் இறக்க வேண்டும். தொக்குக்கும் இதே கணக்குதான்: ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல், தக்காளி நீர் முழுக்க வற்றி எண்ணெய் பிரிகிறவரை கிளற வேண்டும். எடுக்கிற கரண்டியில் ஈரம் இருக்கக் கூடாது.

வாழையிலையைத் தணலில் வாட்டி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று கட்டிக்கொள்வேன். பெரிய டப்பாவில் மொத்தமாக வைத்தால் ஒவ்வொரு வேளையும் திறந்து மூடுவதில் கெட்டுப்போகும். பொட்டலமாக இருந்தால் அடுத்த வேளைக்கு உரியது கை படாமல் இருக்கும். பள்ளியில் படித்த பாடம் இங்கேயும் உதவுகிறது: தலைக்கு எவ்வளவு, வேளைக்கு எவ்வளவு என்று தாளில் எழுதிவிட்டுத்தான் அரிசியை அளப்பேன். எப்போதும் இரண்டு பொட்டலம் கூடுதலாக இருக்கும். எதிர் சீட்டில் சின்னப் பிள்ளையோடு யாராவது வருவார்கள், அவர்களைப் பார்க்க வைத்துவிட்டு நாம் சாப்பிட முடியாது.

தோளில் ஒரு பை

ஆளுக்கு ஒரு பைக்கு மேல் கூடாது. அதையும் நாமே தூக்கிப் படியேற முடிய வேண்டும். சாமான் குறைந்தால் ஆட்டோ தேட வேண்டாம், ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் ஏறலாம், லாக்கர் வாடகையும் குறையும். எனக்கு ராத்திரி துவைத்தால் காலையில் காய்கிற மெல்லிய சேலை மூன்று. அவருக்கு வேட்டி, சட்டை, துண்டு. நைலான் கயிறு ஒரு துண்டு இருந்தால் எந்தச் சத்திரத்திலும் துணி காயப்போடலாம். எவர்சில்வர் டம்ளரும் தட்டும், தண்ணீர் பாட்டிலும் கூடவே இருக்கும். பையைப் படுக்கைக்கு அடியில் கட்டச் சின்னச் சங்கிலியும் பூட்டும் வேண்டும். ஸ்டேஷன் பொருள் வைப்பறையில் பூட்டாத பையை வாங்கமாட்டார்கள், அதற்கும் அந்தப் பூட்டு உதவும்.

பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். நாள் செலவுக்குரியது சுருக்குப் பையில். மீதி உள்பாவாடையில் தைத்த ரகசியப் பையில். ஒவ்வொரு நாள் ராத்திரியும் செலவை எழுதி, மீதியை எண்ணி, மறுநாளுக்கு உரியதை எடுத்து வைப்பேன். ஒரு நாள் கூடுதலாகச் செலவானால் அடுத்த இரண்டு நாளில் அது சரியாகிவிடும். எழுதாவிட்டால் கடைசி நாளில்தான் தெரியும்.

சத்திரத்துச் சாப்பாடு

காசியில் கோதௌலியா பக்கத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது. 1813-இல் தொடங்கியது. ரயில் இல்லாத காலத்தில், நடந்தும் வண்டி கட்டியும் வந்த நம் ஊர் ஜனங்களுக்காகச் செட்டிநாட்டுக்காரர்கள் கட்டி வைத்த இடம். இருநூறு வருடம் தாண்டியும் அங்கே யாத்திரீகர்களுக்குத் தங்க இடமும் நம் ஊர்ச் சாப்பாடும் கிடைக்கின்றன. அங்கிருந்து விசுவநாதர் பூஜைக்குப் பொருட்களை எடுத்துக்கொண்டு ‘சம்போ’ என்று குரல் கொடுத்தபடி தினமும் கோயிலுக்குப் போகிறார்கள். அந்தக் குரல் சந்தில் வரும்போது, நம் ஊர் மனிதர்கள் எவ்வளவு தூரத்துக்கு யோசித்திருக்கிறார்கள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

சத்திரமோ மடமோ தர்மசாலையோ, முன்கூட்டியே தொடர்பு கொண்டு, எத்தனை பேர், எந்த நாள் வருகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். ஆதார் நகல் இரண்டு கையில் இருக்கட்டும். அங்கே ரூம் என்றால் நான்கு சுவரும் சுத்தமான பாயும் குழாய்த் தண்ணீரும்தான். பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு வந்து படுக்க அது போதும். ஒரு ராத்திரி மட்டும் தங்க வேண்டியிருந்தால் பெரிய ஸ்டேஷன்களில் ரயில்வே ஓய்வறை இருக்கிறது. உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்து ஆன்லைனிலேயே எடுக்கலாம். ஆளுக்கு ஒரு கட்டில் என்று டார்மிட்டரியும் பல இடங்களில் உண்டு.

அமிர்தசரஸ் பொற்கோயிலில் லங்கர் என்கிற அன்னதானம் இரவும் பகலும் நடக்கிறது. யார் என்று கேட்பதில்லை. எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார வேண்டும், ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும். அங்கே நான் பார்த்தது இன்னொன்று. சாப்பிட்டு எழுந்தவர்களில் நிறையப் பேர் நேராகப் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கும் பூண்டு உரிக்கிற இடத்துக்கும் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். பெரிய சமையல் கூடத்தில் எத்தனை கை இருந்தாலும் போதாது என்பது எனக்குத் தெரியாதா?

அன்னதானச் சாப்பாட்டை நான் கூச்சமில்லாமல் சாப்பிடுவேன். சாப்பிட்ட பிறகு, வெளியே ஓட்டலில் அந்த வேளைக்கு என்ன ஆகியிருக்குமோ அதில் என்னால் முடிந்ததை உண்டியலில் போடுவேன். முடியாதவர்கள் போட வேண்டியதில்லை. அதற்காகத்தான் அந்தச் சோறு. ஆனால் முடிந்தவர்கள் சும்மா சாப்பிட்டுவிட்டுப் போனால் நாளைக்கு வருகிற முடியாதவருக்கு இலை எப்படி விழும்?

காலால் பார்க்கிற ஊர்

காசியில் பார்க்க வேண்டியதில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை. காட் என்றால் அங்கே படித்துறை. அசி காட்டிலிருந்து வடக்கே படித்துறை படித்துறையாகக் கங்கைக் கரையோரம் நடந்துகொண்டே போகலாம். மொத்தம் எண்பதுக்கு மேற்பட்ட படித்துறைகள். விடியற்காலையில் வெயில் ஏறுவதற்கு முன் நடந்தால் எதிர்க்கரையிலிருந்து சூரியன் எழுவதைப் பார்க்கலாம். அனுமான் காட், கேதார் காட் பக்கம் வந்ததும் தமிழ் காதில் விழும். பாரதியார் இளம் வயதில் இந்தப் பக்கத்தில்தான் தங்கிப் படித்தார். கேதார் காட்டில் குமரகுருபரர் வழி வந்த மடம் இருக்கிறது. சாயங்காலம் தசாசுவமேதக் காட்டில் ஆரத்தி. படியில் உட்கார்ந்து பார்க்க யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம், அரை மணி நேரம் முன்னால் போனால் நல்ல இடம் கிடைக்கும். படகில் போக ஆசை இருந்தால், தனிப்படகு பேசாமல் நாலு பேரோடு சேர்ந்து போகிற படகில் ஏறுங்கள்.

சாரநாத் பத்து கிலோமீட்டர் தூரம். ஷேர் ஆட்டோவில் போகலாம். நம் ரூபாய் நோட்டில் இருக்கிற நான்முகச் சிங்கத்தின் அசல் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அந்த நாளில் போகாதீர்கள். இப்படி ஒரு சின்னத் தகவல் தெரியாமல் போனால் இரண்டாவது முறை ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டியதாகிவிடும்.

கூலியில் கை வைக்காதீர்கள்

எங்கள் கூடத்தில் சமையலராக இருந்த தங்கச்சியும் ஒரு முறை எங்களோடு வந்தாள். கோதௌலியாவில் ஒரு பெரியவரின் சைக்கிள் ரிக்‌ஷா. அவர் சொன்ன கூலியைக் கேட்டதும் அவள் என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, இருபது ரூவா கொறச்சுக் கேளுங்க. கேட்டா கொறைப்பாரு.”

“கொறைப்பாருத்தா. வேற வழியில்லாம கொறைப்பாரு. கூடத்துல வேலை பார்த்தப்ப, உன் சம்பளத்துல இருபது ரூவாயைப் பிடிச்சிருந்தா நீ சும்மா இருந்திருப்பியா?”

அவள் பேசாமல் ஏறி உட்கார்ந்தாள். இறங்கும்போது அவளே தன் சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

யாராவது அநியாயமாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ஏறுவதற்கு முன்னால் சத்திரத்திலோ கடையிலோ வழக்கமான கூலி என்ன என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பல மடங்கு கேட்டால் வேறு வண்டி பாருங்கள், இல்லாவிட்டால் நடந்து போங்கள். நியாயமான கூலி கேட்கிறவரிடம் நம் சாமர்த்தியத்தைக் காட்டக் கூடாது. ஐம்பது வயதில் மிதிக்கிறவர், தலையில் மூட்டை சுமக்கிறவர், சத்திரத்துக் கழிவறையைக் கழுவுகிற பெண் இவர்கள் கூலியைக் குறைத்து நாம் மிச்சம் பிடித்தால் அது நம் சிக்கனம் ஆகாது. நம் செலவை அவர்கள் தலையில் ஏற்றுகிறோம். சொந்தக்காரர் வீட்டில் தங்குவதற்கும் இதே நியாயம்தான். போகிற ஊரில் நாத்தனார் வீடு இருக்கிறது என்று ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டால் நமக்கு ரூம் வாடகை மிச்சம், அந்த வீட்டுப் பெண்ணுக்கு அடுப்படி வேலை இரட்டிப்பு. இரண்டு ராத்திரிக்கு மேல் தங்காதீர்கள். போகும்போது அந்த வீட்டு மளிகைக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள். காய் நறுக்க நீங்களே உட்காருங்கள்.

குறைக்கக் கூடாதவை

சிலவற்றில் கை இறுக்கக் கூடாது. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை பயண நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். குடிக்கிற தண்ணீர் சந்தேகமாக இருந்தால் யோசிக்காமல் பாட்டில் வாங்குங்கள். இருட்டிய பிறகு தெரியாத ஊரில் பஸ் தேடி அலையாதீர்கள், ஆட்டோ பிடியுங்கள். ஆன்லைனில் ரயில் டிக்கெட் எடுக்கும்போது காப்பீடு வேண்டுமா என்று கேட்கும். ஆளுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. விபத்தில் உயிரிழப்பு என்றால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அந்தக் கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள், பிறகு வருகிற செய்தியில் வாரிசு பெயரையும் பதிவு செய்துவிடுங்கள்.

திரும்பி வருவதற்கு வேண்டிய டிக்கெட்டை, போகிற டிக்கெட் போலவே அறுபது நாள் கணக்குப் பார்த்து எடுத்துவிட வேண்டும். ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் காசி ஸ்டேஷனில் ஏஜென்டுகளிடம் காசைக் கொட்டுகிறார்கள்.

இதைப் படிக்கிற பெண்களுக்குக் கடைசியாக ஒன்று. பிள்ளை படிப்பு, மகள் கல்யாணம், வீட்டுக் கூரை என்று எல்லாவற்றுக்கும் சிக்கனம் பிடித்துவிட்டீர்கள். ஊர் பார்க்க வேண்டும் என்கிற உங்கள் ஆசையை மட்டும் கணக்கில் சேர்க்கவே இல்லை. எங்கள் பள்ளியில் பரிமாறி முடித்த பிறகு நானும் சமையலர் தங்கச்சியும் சாப்பிட உட்காருவோம். எங்களுக்கு உரிய அரிசியையும் காலையிலேயே அளந்து போட்டிருப்பேன். கணக்கு எழுதுகிறவள் தன்னை விட்டுவிட்டு எழுதக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். இந்த வாரமே தபால் ஆபீசுக்குப் போய், உங்கள் பெயரில், நூறு ரூபாயில் ஒரு ஆர்.டி. தொடங்குங்கள். எந்த ஊருக்கு என்பதைப் பாஸ் புத்தகத்தின் அட்டையில் எழுதிவிடுங்கள்.